மே மாதத்து டிரேடு: பேஸ்பால் நிர்வாகங்கள் எதற்காகக் காத்திருக்கின்றன?

பசிபிக்கரை:

நண்பர்களே, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஏப்ரல் முடிந்து மே பிறந்ததும் எல்லா அணி நிர்வாகங்களிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. சீசன் இன்னும் நீண்டு கிடக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்பார்கள். 162 ஆட்டங்களில் 30 முடிந்திருக்கும். எந்த இடத்தில் ஓட்டை என்பது கடைசி வரிசை இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் டிரேடுக்கான, அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான, ஜூலை இறுதிக் கெடு கழுத்தை நெரிக்கும்வரை யாரும் பேரம் பேச உட்காருவதில்லை. அப்போது மிச்சமிருப்பவை சுமார் 55 ஆட்டங்கள். அதே வீரரை மே தொடக்கத்தில் வாங்கினால் ஏறத்தாழ 130 ஆட்டங்கள் கிடைக்கும். விலை கொடுப்பதென்று முடிவாகிவிட்ட பிறகு, அவருடைய உழைப்பில் பெரும்பகுதியைப் பழைய அணியிலேயே விட்டுவிட்டு வருவது எந்த ஊர்க் கணக்கு?

எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 2024 மே முதல் வாரத்தில் எங்கள் சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் நிர்வாகத் தலைவர் ஏ.ஜே. பிரெல்லர், மயாமி மார்லின்ஸ் அணியிலிருந்து லூயிஸ் அராயேஸை வாங்கினார். மார்லின்ஸ் முந்தைய ஆண்டு 84 வெற்றிகளோடு, பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போன அணி. அந்த ஆண்டோ முதல் ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றது. இனி தேறாது என்று அவர்கள் துணிந்து முடிவெடுத்தார்கள். அராயேஸ் பாட்ரேஸ் சட்டை போட்ட முதல் ஆட்டத்திலேயே நான்கு ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) அடித்தார். அவர் அடிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேகமான வீச்சு கிடையாது. பந்து வரும் பாதையில் மட்டையைக் கொண்டுபோய் வைப்பதுபோல் இருக்கும். பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேலாகப் போய் இடது களத்துப் புல்லில் அடக்கமாக விழும். அந்த சீசனை .314 சராசரியில், அதாவது ஆயிரத்துக்கு 314 ஹிட் என்ற கணக்கில், முடித்தார். டாட்ஜர்ஸின் ஓட்டானியின் .310ஐ முந்தி, மூன்று ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அணிகளுக்காக, லீகின் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்றார். பாட்ரேஸ் 93 ஆட்டங்கள் வென்றது.

ஜூலை வரை காத்திருந்தால் இதில் பாதிகூட எங்களுக்குக் கிடைத்திருக்காது. மற்ற அணிகளுக்கு ஏன் இந்தத் துணிவு வருவதில்லை?

கணக்கன்:

பசிபிக்கரை, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கேள்வியை வாங்குபவரிடம் மட்டும் கேட்கிறீர்கள். விற்பவர் வேண்டாமா?

இப்போது இரண்டு லீக்குகளில் ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள் பிளே-ஆஃப் போகின்றன. 2022இலிருந்து இதுதான் முறை. முப்பது அணிகளில் பன்னிரண்டுக்கு இடம் இருக்கும்போது, மே மாதத்தில் எந்த மேலாளர் கடையை மூடுவார்? மூடினால் டிக்கெட் விற்பனை படுத்துவிடும் என்ற பயம் உரிமையாளருக்கு. மே மாதத்தில் வாங்க வருபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஜூலையில் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். ஏலம் எப்போது சூடுபிடிக்கும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே சரக்கை இறக்கமாட்டார்.

வேலைப் பளுவையும் பாருங்கள். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முன்பு ஜூனில் நடந்தது. 2021இலிருந்து ஜூலைக்குப் போய்விட்டது. அதுவரை திறமை தேடும் ஆட்களும் நிர்வாகத்தின் கவனமும் கல்லூரி மைதானங்களில்தான் கிடக்கின்றன. இன்னொரு விதியும் உண்டு. சீசன் நடுவே வாங்கிய வீரர் ஆண்டு முடிவில் வேறு அணிக்குப் போய்விட்டால், வாங்கிய அணிக்கு ஈடாக டிராஃப்ட் வாய்ப்பு எதுவும் கிடைக்காது. மே மாதத்தில் வாங்கினாலும் சரி, ஜூலையில் வாங்கினாலும் சரி. விற்கிற அணியோ, தானே வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அந்த ஈட்டையும் விலையில் சேர்த்துத்தான் கேட்கும்.

அராயேஸ் விஷயத்திலும் ஒரு பகுதியை விட்டுவிட்டீர்கள். அவருடைய மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியை மார்லின்ஸே கொடுத்தது. அதற்கு ஈடாகத்தான் நான்கு வீரர்களைக் கேட்டு வாங்கியது. அவர்களில் ஒருவரான ஜேக்கப் மார்சி 2025 ஆகஸ்டில் மேஜர் லீகுக்கு வந்து, வந்த மாதமே பேர் வாங்கினார். முந்தி வாங்குவது இலவசம் அல்ல.

மில்வாக்கி வளவன்:

இலவசம் என்று யாரும் சொல்லவில்லை, கணக்கன் அண்ணா. ஆனால் விலை இருந்தும் இரு தரப்பும் மகிழ்ந்த டிரேடு ஒன்று எங்கள் ஊரிலேயே நடந்தது.

2021 மே 21. எங்கள் மில்வாக்கி புரூவர்ஸ் அன்று 21 வெற்றி, 23 தோல்வி. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பேட்டிங் இல்லவே இல்லை. டாம்பா பே ரேஸ் அணியில் வில்லி அடாமெஸ் .197 அடித்துக்கொண்டிருந்தார். எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் தன் சொந்த மைதானமான அந்த மூடிய அரங்கில் பந்து சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவரே சொல்லிவந்தார். வெளியூர்களில் அவர் அடித்ததும் உள்ளூரில் அடித்ததும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் அடித்ததுபோல் இருந்தது. அந்தத் தகவல் மே மாதத்திலேயே எல்லோர் கையிலும் இருந்தது. மில்வாக்கி நிர்வாகம் அதை நம்பியது. அவர் வந்து 99 ஆட்டங்களில் 20 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். அன்று முதல் அணி 74 வென்று 44 தோற்றது. 95 வெற்றிகளோடு டிவிஷன், அதாவது லீகுக்குள் எங்கள் பிரிவின், பட்டம்.

ரேஸ் ஏமாந்ததா? இல்லை. வாண்டர் ஃபிராங்கோவுக்கு ஷார்ட்ஸ்டாப்பில் வழிவிட வேண்டியிருந்தது, அதற்கு இடம் கிடைத்தது. அவர்கள் அந்த ஆண்டு 100 ஆட்டங்கள் வென்றார்கள். பதிலுக்குப் போன இருவரில் ஒருவர் டிரூ ராஸ்முசென். 2022 ஆகஸ்டில் ஓரியோல்ஸுக்கு எதிரான ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாமல் எறிந்து, ஒன்பதாவதில்தான் முதல் ஹிட் கொடுத்தார். 2025இல் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் அணியில் இடம். விற்றவர் ஜூலைக்குக் காத்திருந்தால்தான் லாபம் என்பது எப்போதும் உண்மையில்லை.

மான்ட்ரியல் ராமநாதன்:

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் வென்ற கதையையே சொல்கிறீர்கள். நான் 80களிலிருந்து மான்ட்ரியலில் இருக்கிறேன். முந்திக்கொண்டு வாங்குவதில் இந்த ஊர் பட்டதுபோல் வேறு ஊர் பட்டிருக்காது.

1989 மே 25. எங்கள் அணியான எக்ஸ்போஸ் போட்டியில் இருந்தது. சியாட்டிலிலிருந்து மார்க் லாங்ஸ்டன் என்ற நல்ல இடக்கை பிட்சரை (பந்து எறிபவரை) வாங்கினார்கள். அந்த ஆண்டோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது. கொடுத்தது மூன்று இளம் பிட்சர்கள். அதில் ஒருவர் 6 அடி 10 அங்குலம் உயரம், பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. அந்த ஆண்டு எங்களுக்காக எறிந்தவரை வெற்றியே இல்லை, நான்கு தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.67 ரன் விட்டுக்கொடுத்தார். போகட்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அவர் ராண்டி ஜான்சன். வாழ்நாளில் மொத்தம் 303 ஆட்டங்கள் வென்றார், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் ஐந்து, 2015இல் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேம்.

ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் அந்த ஜூலை மாதம் எப்படி இருந்தது தெரியுமா? முதலிடத்தில் இருந்தோம். அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் காலையில் வந்ததும் முதலில் பேசியது முந்தின இரவு ஆட்டத்தைத்தான். ஆகஸ்ட் வந்தது, அணி சரிந்தது. கடைசியில் 81 வெற்றி, 81 தோல்வி. லாங்ஸ்டன் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார்.

13 ஆண்டுகள் கழித்து மறுபடியும். 2002 ஜூன் 27, பிட்சர் பார்டோலோ கோலோனுக்காகக் கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் மூவரையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார்கள். அணியையே கலைத்துவிடப்போகிறார்கள் என்ற பேச்சு நடந்த காலம். நாளை இல்லை என்று நினைத்தவர்கள் நாளைய வீரர்களை விற்றார்கள். 83 வெற்றி கிடைத்தது, பிளே-ஆஃப் கிடைக்கவில்லை. சூடுகண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இன்றைய நிர்வாகிகள் இந்தக் கதைகளைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

பசிபிக்கரை:

ராமநாதன் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். லாங்ஸ்டன் எக்ஸ்போஸுக்கு 12 வெற்றி, 9 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.39 ரன் என்று எறிந்தார். வாங்கியது எதற்காகவோ அதை அவர் செய்தார். அணி சரிந்ததற்கு அவர் காரணமில்லை. அதே மூவரைக் கொடுத்து ஜூலை இறுதியில் வாங்கியிருந்தால் நஷ்டம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். நான்கு மாதத்துக்குக் கொடுத்த விலையை இரண்டு மாதத்துக்குக் கொடுத்திருப்பார்கள். அங்கே பிழை விலையில்தான், ஐயா. கொடுத்த நாளில் இல்லை.

மான்ட்ரியல் ராமநாதன்:

அதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் ஒரு வித்தியாசம். ஜூலை இறுதி வரை பொறுத்திருந்தால் சரிவின் அறிகுறி கண்ணில் பட்டிருக்கலாம். ஒருவேளை வாங்காமலே இருந்திருப்பார்கள். காத்திருப்பதால் கிடைக்கும் அந்தத் தகவலுக்கும் விலை உண்டு.

ஃபென்வே தாமரை:

ஐயா சொன்ன அந்தத் தகவல் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அணி தேறுமா தேறாதா என்பது காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சரி. ஆனால் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்க ஆள் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

2025 மே 2. பாஸ்டனில் எங்கள் ரெட் சாக்ஸ் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும் டிரிஸ்டன் காசாஸ் ஒரு சாதாரண அடியை அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸை நோக்கி ஓடினார். பேஸுக்குச் சற்று முன்னால் இடது கால் மடங்கி விழுந்தார். யாரும் மோதவில்லை. தூக்குக் கட்டிலில் வைத்துக் கொண்டுபோனார்கள். முழங்காலின் தசைநாண் அறுந்துவிட்டது. மைதானமே பேச்சற்றுப்போனது. அந்த சீசனுக்கு அவர் இல்லை என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரியும். 30க்கும் சற்று அதிகமான ஆட்டங்கள்தான் முடிந்திருந்தன.

நிர்வாகம் என்ன செய்தது? வெளியே ஆள் தேடி வாங்கவில்லை. உள்ளே இருந்த ரஃபேல் டெவர்ஸிடம் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கச் சொன்னது. பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனைச் சேர்த்துவிட்டு, இனி தேர்ட் பேஸ் உனக்கில்லை, மட்டை மட்டும் பிடி என்று அவரிடம் சொன்ன அதே நிர்வாகம். அவர் மறுத்தார். நிர்வாகம் தன் வேலையைச் செய்து வெளியிலிருந்து ஒருவரைத் தேடட்டும் என்று நிருபர்களிடமே சொல்லிவிட்டார். அணி உரிமையாளர் கான்சஸ் சிட்டி வரை பறந்துபோய் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. ரோமி கொன்சாலஸும் ஆப்ரகாம் டோரோவும் மாறி மாறி ஃபர்ஸ்ட் பேஸில் நின்றார்கள். அவர்கள் மீது குறை சொல்லமாட்டேன், தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் ஜூன் 15 அன்று, யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்திய அதே நாளில், டெவர்ஸையே ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே முதல் வாரத்தில் ஒரு சுமாரான ஃபர்ஸ்ட் பேஸ்காரரை வாங்கியிருந்தால் என்ன செலவு ஆகியிருக்கும்? அணியின் மைனர் லீக் இளம் வீரர்கள் வரிசையில் இருபதாவது இடத்தில் இருக்கும் ஒரு பையன். அந்தச் சின்ன டிரேடுக்குத் தயங்கினதால் அந்தப் பெரிய டிரேடு வரை போனது என்பதுதான் என் முடிவு. வேறொரு அணி விடுவித்த நாதனியல் லோவை ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சேர்த்தது ஆகஸ்ட் நடுவில். மூன்றரை மாதம்!

கணக்கன்:

தாமரை, இது நல்ல உதாரணம். ஆனால் டெவர்ஸை அனுப்பியதும் ஜூன் நடுவில் நடந்த டிரேடுதானே? அதாவது பாஸ்டன் நிர்வாகம் துணிவு இல்லாதது என்று சொல்ல முடியாது. அவர் போன பிறகும் ரெட் சாக்ஸ் 89 வெற்றிகளோடு பிளே-ஆஃப் போனது. அவரை வாங்கிய ஜயன்ட்ஸ் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த அணி, 81க்கு 81 என்று முடித்தது. முந்தி வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன?

ஃபென்வே தாமரை:

அண்ணா, ஜயன்ட்ஸ் சரிந்ததற்கு டெவர்ஸ் காரணமா? இரண்டு அணிகளுக்குமாகச் சேர்த்து, அணி மாறியதால் 162ஐயும் தாண்டி, 163 ஆட்டங்கள் ஆடி 35 ஹோம் ரன் அடித்தவர். அங்கே போய் ஃபர்ஸ்ட் பேஸிலும் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மரியாதையாகக் கேட்டிருந்தால் இங்கேயும் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் சொல்வது துணிவைப் பற்றி இல்லை. தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு காலம் கடத்துவதைப் பற்றி.

நியூஜெர்சி இளங்கோ:

மெட்ஸ் ரசிகன் பக்கத்திலிருந்து விற்பவர் சார்பாக ஒரு வார்த்தை. 2024 மே 29 அன்று எங்கள் அணி 22 வெற்றி, 33 தோல்வி. அன்று ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிட்சர் ஒருவர் கையுறையைக் கழற்றிப் பார்வையாளர் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். அந்த இரவில் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் எல்லோரையும் விற்றுவிடுங்கள் என்று நானே கை தூக்கியிருப்பேன். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் மட்டும் கூடிப் பேசினார்கள். அணி 89 வெற்றிகளில் முடித்தது. அக்டோபரில் லீக் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸோடு ஆறாவது ஆட்டம் வரை போராடியது. வாஷிங்டன் இதைவிட மோசம்: 2019இல் 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்து, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸையே வென்றார்கள். மே மாதத்தில் விற்காதவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பசிபிக்கரை:

இளங்கோ, வாஷிங்டன், மெட்ஸ் இரண்டும் தரமான வீரர்களைக் கொண்டு தடுமாறிய அணிகள். அவர்கள் பொறுத்தது நியாயம். ஆனால் 2024 வைட் சாக்ஸ் முதல் 25 ஆட்டங்களில் மூன்றுதான் வென்றது. அவர்கள் எதற்காக ஜூலை இறுதி வரை காத்திருந்தார்கள்? அவர்களுடைய லூயிஸ் ராபர்ட் 2023இல் 38 ஹோம் ரன் அடித்தபோதே அவருக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். வைத்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் காயம். அந்த ஆண்டு 100 ஆட்டங்களில் 14 ஹோம் ரன். கணக்கன் சொன்ன ஏலத்துக்காகக் காத்திருப்பவர், சரக்கு கையிலேயே கெட்டுப்போகும் ஆபத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒருவர் பேஸுக்கு ஓடும்போதே தசைநாண் அறுந்து விழலாம் என்று இப்போதுதானே தாமரை சொன்னார்.

கணக்கன்:

அது நியாயம். இன்னும் ஒன்று சொல்கிறேன், இது உங்கள் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கும். 1923இலிருந்து 1985 வரை டிரேடு கெடு ஜூன் 15. ஜூலை 31 என்பது 1986இல் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எல்லா நிர்வாகங்களும் ஜூன் நடுவுக்குள் முடிவெடுத்தன. யாருக்கும் தகவல் போதவில்லை என்று ஆட்டம் நின்றுபோகவில்லை. 1964 ஜூன் 15 அன்று, கெடு நாளிலேயே, கார்டினல்ஸ் முந்தைய ஆண்டு 18 வெற்றி கொடுத்த பிட்சர் எர்னி பிராக்லியோவை விட்டுக்கொடுத்து கப்ஸிடமிருந்து லூ பிராக்கை வாங்கியது. கப்ஸில் அவர் .251. புதிய அணியில் 103 ஆட்டங்கள், .348. கார்டினல்ஸ் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் லீகை வென்று வேர்ல்ட் சீரிஸும் வென்றது. இன்றைய கெடுவாக இருந்திருந்தால் அந்த 103இல் பாதியை அவர் கப்ஸுக்காக ஆடியிருப்பார், கார்டினல்ஸ் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே தயக்கம் இவர்களுடைய குணத்தில் இருந்து வருவதாக நான் நினைக்கவில்லை. கெடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முடிவு நடக்கிறது. கெடுவை ஜூன் இறுதிக்கு இழுத்துப்பாருங்கள், இதே ஆட்கள் ஜூன் 28 இரவு தூங்கமாட்டார்கள்.

மான்ட்ரியல் ராமநாதன்:

அதே ஜூன் 15 கப்ஸ் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத புண் என்பதையும் எழுதிவிடுங்கள் கணக்கன்.

மில்வாக்கி வளவன்:

ஒரு ஆட்ட வித்தியாசம் என்றதும் எனக்கு 2008 வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 7 அன்று புரூவர்ஸ் சி.சி. சபாதியாவை வாங்கியது. கெடுவுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிவார் என்று வைத்தால், அந்த முந்தல் எங்களுக்கு ஐந்து ஆட்டங்களைக் கூடுதலாகக் கொடுத்தது. மொத்தம் 17 ஆட்டங்கள் எறிந்தார், 11 வெற்றி, 2 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.65 ரன். ஏழு ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே முடித்தார். கொடுத்த விலை சிறியதில்லை. பின்னாளில் நல்ல பேட்டராக உயர்ந்த மைக்கேல் பிராண்ட்லியும் அதில் ஒருவர். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

செப்டம்பர் 28, கடைசி நாள். பிளே-ஆஃபின் கடைசி இடத்துக்கு நாங்களும் மெட்ஸும் சமமாக நிற்கிறோம். (இளங்கோ மன்னிக்க வேண்டும்.) அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார், பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாது. இருவரும் போனோம். மூன்று நாள் ஓய்வோடு சபாதியா மறுபடி எறிய வந்தார், தொடர்ந்து மூன்றாவது முறையாக. அடுத்த ஆண்டு பெரிய ஒப்பந்தம் காத்திருக்கும் ஒரு மனிதர், தனக்குச் சொந்தமில்லாத ஊருக்காகத் தோளைக் கொடுக்கிறார். எட்டாவது இன்னிங்ஸ் வரை 1க்கு 1. ரயன் பிரான் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவதிலும் சபாதியாவே வந்தார், முடித்தார். 3க்கு 1.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நியூயார்க்கில் மெட்ஸ் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நின்றபடியே அந்த முடிவுக்காகக் காத்திருந்தோம். அவர்கள் 4க்கு 2 என்று தோற்ற செய்தி வந்தபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு முதியவர் அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். 1982க்குப் பிறகு முதல் பிளே-ஆஃப். அப்பா ஒன்றும் புரியாமல் அவரும் கண் கலங்கினார். வண்டியில் திரும்பும்போதுதான் கேட்டார், அந்தப் பெரிய உருவம் எப்போதிலிருந்து இந்த அணியில் இருக்கிறான் என்று. ஜூலை முதல் வாரம் வந்தவர் என்றேன்.